அடுப்படியிலிருந்து கட்டில் வரை

டைம்கீப்பர் வீட்டில் அடுப்படியிலிருந்து அவருடைய கணவரின் கட்டிலுக்குப் போகும் நடைவழி, கணவர் படுக்கையில் விழுந்த பதினான்காவது மாதம் இரண்டு கிலோமீட்டரும் நூற்றுப்பத்து மீட்டரும் ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் வீடு பழையபடியேதான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் இடிபடவில்லை, பின்தெரு குறுகவில்லை, மேல்மாடித் தரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. உள்ளேதான் நீளம். ஒரே மாதிரி மொசைக் தரை, இடுப்புயரம் வரை பச்சை பெயின்ட், முந்நூறு மீட்டருக்கு ஒரு டியூப் லைட். எண்ணூறாவது மீட்டர் வாக்கில் செல்போன் சிக்னல் போய்விடும், ஆயிரத்து இருநூறில் திரும்ப வரும். ஆயிரத்துச் சொச்சத்தில் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு குடம் தண்ணீரும் போட்டு வைத்திருந்தார் டைம்கீப்பர். அதற்கு மேல் அந்த நீளத்துக்கு அவர் எந்த மரியாதையும் செய்யவில்லை.

பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர் அவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு எங்கே சேர வேண்டும் என்று எழுதுவதும், சேராவிட்டால் ஏன் என்று கேட்பதும்தான் வேலை. கணவர் அதே டெப்போவில் டிரைவர். யாராவது பின்னால் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் வண்டியை நிறுத்திவிடுவார். அதனால் தினமும் நாலு நிமிஷம் தாமதம், டெப்போவில் பெயரே 'நாலு நிமிஷம்'. தாமதமானவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு டைம்கீப்பர் மேஜையில் இருந்தது. ஒரு வருஷம் தினமும் அவர் எதிரே நின்று அதில் கையெழுத்துப் போட்ட டிரைவர், அடுத்த வருஷம் கல்யாணப் பதிவு நோட்டிலும் போட்டுவிட்டார். அன்றுமுதல் வீட்டிலும் அவரை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். முதலில் கிண்டல். பிறகு அது பழகி, கொஞ்சலாகிவிட்டது.

ரிட்டயராகி ஆறாவது வருஷம், ஷேவிங் செய்துகொண்டிருந்தபோது டிரைவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது இடது கையும் காலும் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. வாயில் நாலைந்து வார்த்தை மட்டும் மிச்சமிருந்தது. முதல் மாதம் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே எப்போதும் இருந்த ஒன்பது காலடிதான் இருந்தது. இரண்டாம் மாதம் பதினாலு. டைம்கீப்பர் தன் முழங்காலைச் சந்தேகித்தார். ஐந்தாம் மாதம் கஞ்சி போய்ச் சேர்வதற்குள் ஆடை கட்ட ஆரம்பித்தது. எட்டாம் மாதம், வெந்நீர் வாளி கட்டிலை எட்டும்போது பச்சைத் தண்ணீராகியிருந்தது. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள், ஆள் விட்டு அளந்திருப்பார்கள். டைம்கீப்பர் ஒரு அட்டையை எடுத்து ரூல் போட்டு, அட்டவணை எழுதி, அடுப்புக்கு மேலே மாட்டினார். அடுப்படி புறப்பாடு ஆறு மணி, கட்டில் சேர்வது ஆறு முப்பத்தைந்து. திரும்பும் ட்ரிப் ஆறு ஐம்பது. காலை மருந்து, கஞ்சி, உடம்பு துடைக்க வெந்நீர், பதினொன்று பத்துக்கு ஜூஸ் என்று ஒரு நாளைக்கு எட்டு ட்ரிப். ரோடு நீண்டால் வண்டியை முன்னாலேயே கிளப்ப வேண்டும், அவ்வளவுதானே. நாலரைக்கு எழுந்தவர் நாலே காலுக்கு எழ ஆரம்பித்தார்.

ஒரு சங்கடம் இருந்தது. அந்த நீளம் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. பார்க்க வருகிறவர்கள் பழப்பையை வாசலிலேயே டைம்கீப்பரிடம் கொடுத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு ஒன்பது காலடியில் கட்டிலுக்குப் போய், "என்ன டிரைவரே, தேறிட்டீங்களே!" என்று சொல்லிவிட்டு, ஒன்பது காலடியில் திரும்பி வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னார். இரண்டு கிலோமீட்டர் என்று டைம்கீப்பர் ஒருமுறை வாய் தவறிச் சொன்னதற்கு, டிரைவரின் தம்பி அவருடைய தலையை உற்றுப் பார்த்து, "அண்ணி, நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தம்பி கொண்டுவந்த ஆறு ஆப்பிளையும் ஒவ்வொன்றாக நறுக்கி, ஆறு நாள் அவரே சுமந்துகொண்டு போனார்.

படுத்திருந்தவருக்கு மட்டும் தெரியும். கதவு திறந்திருந்தால் நடைவழி முழுக்கக் கட்டிலிலிருந்து பார்க்கலாம். மற்றவர்கள் சட்டென்று வந்து நிற்பார்கள். மனைவி மட்டும் தொலைவில் ஒரு புள்ளியாகத் தொடங்கி, புடவை நிறம் தெரிந்து, கையிலிருக்கும் பாத்திரம் தெரிந்து, கடைசியில் மூச்சு வாங்கும் சத்தத்தோடு வந்து சேர்வார். வந்ததும் தலையைத் தூக்கி, ஊட்டி, வாயைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாயில் தலை சாய்ப்பதுதான் தெரியும், விடிந்துவிடும். டிரைவர் பக்கத்தில் அவர் சும்மா உட்கார்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. டிரைவர் வலது கையை நீட்டி ஏதோ சொல்ல ஆரம்பிப்பார். அந்த வாய்க்கு ஒரு வார்த்தை வர ஒரு நிமிஷம் ஆகும். டைம்கீப்பரிடம் அந்த ஒரு நிமிஷம் இல்லை. "அடுத்த ட்ரிப்ல சொல்லுங்க" என்பார். அடுத்த ட்ரிப்பிலும் அதையே சொல்வார்.

வெளியூரில் வேலையிலிருந்த ஒரே மகள் வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவாள். அம்மாவின் கன்னம் ஒட்டிப்போவதை அவள் திரையிலேயே கவனித்துவிட்டாள். ஒரு நாள் எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "அம்மா, இங்க ஒரு காப்பகம் இருக்கு. நல்ல இடம். நர்ஸ், டாக்டர் எல்லாரும் இருக்காங்க. அடுத்த மாசம் முதல் தேதிக்கு ஒரு பெட் காலியாகுது, அப்பா பேரைக் கொடுத்துட்டேன்."

"என் பேரு?"

"நோயாளிங்களை மட்டும்தாம்மா எடுப்பாங்க. நீ என்கூட இரு. சனிக்கிழமை நாலுலேருந்து ஆறு போய்ப் பார்க்கலாம்."

"முப்பத்தொரு வருஷமா ஊருக்கே டைம் போட்டவ நான். எனக்கு யாருடி டைம் போடறது?"

மகள் அழுதாள். அம்மா அழவில்லை, அவருக்கு ஒன்று ஐந்துக்கு ஒரு ட்ரிப் இருந்தது. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் சேவை ஒன்றுக்கு மகள் சொல்லியிருக்கிறாள், அவர்கள் வருவார்கள். ஒரு மாதம். மாதக் கடைசியில் மகள் நேரில் வந்து பார்ப்பாள். அப்பாவும் அம்மாவும் உருப்படியாக இருந்தால் சரி. அம்மா இதே கோலத்தில் இருந்தால் அப்பா காப்பகத்துக்கு. டைம்கீப்பர் 'ம்' என்றார். மனசுக்குள் 'யாரோ ஒருத்தன் வந்து என் புருஷனைக் குளிப்பாட்டுவானா' என்று பொருமிக்கொண்டே சொன்ன 'ம்' அது.

முதலில் மேற்பார்வை நர்ஸ் வந்தார். கையில் நாலு பக்க படிவம். ஒன்பது காலடியில் கட்டிலுக்குப் போய் டிரைவரின் முதுகைப் பார்த்தார், இடுப்பில் சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், "இன்னும் புண்ணாகல, தப்பிச்சோம். ரெண்டு மணிக்கு ஒருதரம் புரட்டணும்" என்றார். ஒன்பது காலடியில் திரும்பி வந்து, படிவத்தில் 'வீட்டு வசதி: நன்று' என்று எழுதினார். பிறகு, எல்லா வீட்டிலும் செய்வதுபோல, "வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படி நான் ஒருதரம் செஞ்சு பார்க்கறேன்மா" என்று சொல்லி, வெந்நீர் வாளியை வாங்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். தொப்பி நனைந்திருந்தது, ஒரு செருப்பு அறுந்திருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். 'நன்று' என்பதை அடித்துவிட்டு, 'தூரம்: அதிகம்' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகத் தேதி போட்டார். டைம்கீப்பருக்கு அந்த நர்ஸை அப்போதே பிடித்துவிட்டது. பதினாலு மாதத்தில் அதை எழுத்தில் கொடுத்த முதல் ஆள் அவர்தான்.

"வெறுங்கையோட போனப்ப கிட்ட இருந்துச்சேம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"வெறுங்கையோட போக எனக்கு ஏது நேரம்?"

நர்ஸின் கண் அடுப்புக்கு மேலிருந்த அட்டவணைக்குப் போனது. நர்ஸின் வீட்டுக்காரர் கண்டக்டர், அதனால் அவருக்கு அந்தக் கட்டங்கள் பழக்கம். புறப்பாடு, சேரும் நேரம், ட்ரிப் எண். கடைசிக் கட்டத்தில் பணியாளர் பெயர். எட்டு வரியிலும் ஒரே பெயர்.

"இதுல ரிலீஃப் யாரும்மா?"

டைம்கீப்பர் அட்டவணைக்குக் கிட்டே போய் எட்டு வரியையும் படித்தார். முப்பத்தொரு வருஷத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு டிரைவரை அவர் ஓட்ட விட்டதில்லை. மாற்று ஆள் வராத ஒரு தீபோல் கொதித்த மத்தியானம், மேனேஜரே நேரில் வந்து கத்தியும், வண்டியை எடுக்க விடாமல் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர். "களைச்சுப்போனவன் கையில வண்டி இல்ல, எமன்தான் இருக்கான்" என்று அன்று சொன்னவர் அவர்தான். தன் வீட்டு அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருப்பது பதினாலு மாதமாக அவர் கண்ணில் படவே இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆள் வந்தார். நாற்பது வயது, கழுத்தே இல்லாத தோள், காலில் ரப்பர் அடி வைத்த ஷூ. முன்பு வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்கியவராம், அதனால் சேவையில் அவரை எல்லோரும் 'பீரோ' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு மாதம் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்திருந்தார். "வித்தியாசம் ஒண்ணுதாம்மா. பீரோவை எங்க புடிச்சாலும் வலிக்காது" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கஞ்சியை வாங்கிக்கொண்டு நடைவழியில் இறங்கினார். பத்து நிமிஷம் கழித்து, போன இடத்திலிருந்தே, "பெரிய வீடும்மா!" என்று ஒரு குரல் வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. முன்பு ஏழு மாடி ஏறி ஃப்ரிட்ஜ் இறக்கியிருக்கிறார்.

வேலை சுத்தமாக இருந்தது. டிரைவரைத் தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடுவார். "டிரைவரண்ணே, இப்ப வலது பக்கம் திருப்பப் போறேன். நீங்க கம்பியைப் புடிங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்." டிரைவரால் முடிந்த எதையும் பீரோ செய்ய மாட்டார். ஸ்பூனை வலது கையில் கொடுத்துவிட்டு, பாதி கஞ்சி மார்பில் சிந்தும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மடங்க மறுக்கும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்கவைப்பார். மருந்துகளைக் காலை, மத்தியானம், மாலை என்று பிரித்து டப்பாவில் போட்டார். இடுப்பிலிருந்த சிவப்பு பத்து நாளில் வெளிறியது.

ஆனால் டைம்கீப்பர் அடுப்படியில் இருக்கவில்லை. பீரோ கஞ்சியோடு முன்னே போனால், பின்னாலேயே ஒரு துண்டோடு இவரும் போவார். பீரோ வாளியோடு போனால் இவர் சோப்போடு. ரிலீஃப் டிரைவர் ஏறிய பிறகும் பழைய டிரைவர் இறங்காமல் கியரைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல, எட்டு ட்ரிப்பும் இவரும் நடந்தார். "அந்தத் துண்டை என்கிட்ட கொடுத்துட்டு உக்காருங்கம்மா" என்று பீரோ சொன்னால், "உங்களுக்கு அவரைப் பத்தித் தெரியாது" என்பார். பீரோவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்ததால் முன்பைவிட இன்னும் இளைத்தார். மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, ஆயிரத்துச் சொச்சத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. கால் இரண்டும் விறைத்துவிட்டன. மகள் வர ஒன்பது நாள்தான் இருந்தது. முன்னால் கணவர், பின்னால் அடுப்பு, இரண்டும் ஒரு கிலோமீட்டர். சிக்னலும் இல்லாத இடம். டைம்கீப்பர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, பதினாலு மாதமாகத் தள்ளிப்போட்ட அழுகையை அங்கே அழுது முடித்தார்.

திரும்பி வந்த பீரோ காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, டெப்போவுல ஒரு டிரைவர் இறங்கி இன்னொருத்தர் ஏறும்போது என்ன பண்ணுவாங்க?"

"ஒப்படைப்புச் சீட்டு எழுதுவாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டே டைம்கீப்பர் சொன்னார். "பிரேக் எப்படி இருக்கு, எந்தச் சக்கரம் இழுக்குது, எங்க சத்தம் வருதுன்னு. எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு இறங்கணும். அது இல்லாம வண்டி மாத்த முடியாது."

"நான் வந்து பதினெட்டு நாளாச்சு. எனக்கு இன்னும் சீட்டு வரலையே."

டைம்கீப்பர் அவரை முறைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பீரோ அவரை நாற்காலியோடு அப்படியே தூக்கி, "பீரோவைவிட லேசு" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குக் கொண்டுவந்து இறக்கினார். மறுநாள் காலை டைம்கீப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோடு போட்ட தாளில், டெப்போ எழுத்தில் எழுதினார். இடது கை: பிடிப்பு இல்லை, குளிரும், போர்வைக்குள் வைக்கவும். சூடு: நாக்கு காட்டிக்கொடுக்காது, நம் உதட்டில் வைத்துப் பார்த்துக் கொடுக்கவும். வலது காது: சரியாகக் கேட்கும், இடது பக்கம் நின்று பேசினால் கேட்காததுபோல் நடிப்பார். ஷேவிங்: மேலிருந்து கீழ், கண்ணாடி காட்டியே ஆக வேண்டும். அவர் அழுதால் துடைக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும். வார்த்தை தேடும்போது எடுத்துக் கொடுக்கக் கூடாது, காத்திருக்கவும். கடைசி வரியை எழுதியபோது அவர் பேனா நின்றது. அதைத் தான் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியும். அடிக்கவும் மனம் வரவில்லை. கீழே நேரம் எட்டு பத்து என்று போட்டுக் கையெழுத்திட்டார். பீரோ முழுவதையும் இரண்டு தரம் படித்துவிட்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தானும் கையெழுத்திட்டு, கஞ்சியோடு கிளம்பினார். டைம்கீப்பர் பின்னால் போகவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது மணி பதினொன்று இருபது. பதினொன்று பத்து ட்ரிப்! முப்பத்தொரு வருஷத்தில் அவர் கையால் ஒரு வண்டி பத்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியதில்லை. அடித்துப் பிடித்து எழுந்தார். ஜூஸை மறந்தார், துண்டை மறந்தார், செருப்பைக்கூட மறந்தார். இரண்டு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் கடந்துவிடுகிற வேகத்தில் பாய்ந்தவர், ஒன்பதாவது காலடியில் கட்டில் சட்டத்தில் முட்டிக்கொண்டு, கணவரின் கால்மாட்டில் தொப்பென்று விழுந்தார்.

டிரைவர் முகம் முழுக்க நுரையோடு இருந்தார். ஒரு கையில் ரேசரும் மறு கையில் கண்ணாடியுமாகப் பீரோ நின்றிருந்தார். டைம்கீப்பர் திரும்பிப் பார்த்தார். அதோ அடுப்படி. பாலில் ஆடை கட்டியிருப்பதுகூடத் தெரிந்தது. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார், இரண்டும் காலியாக இருந்தன. நர்ஸ் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டிரைவருக்காக எதையாவது ஏந்திக்கொண்டு நடந்தால் இரண்டு கிலோமீட்டர். டிரைவரைப் பார்க்க மட்டும் நடந்தால் ஒன்பது காலடி.

டிரைவர் நுரைக்குள்ளிருந்து வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரக் கிளம்பியது. டைம்கீப்பர் எடுத்துக் கொடுக்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. பீரோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஒரு நிமிஷத்துக்கும் மேலாயிற்று.

"உக்...காருங்க... மேடம்."

உட்கார்ந்தார். அன்று ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தார். டிரைவர் பதினோரு மாதமாக ஒவ்வொரு ட்ரிப்பிலும் சொல்ல ஆரம்பித்தது என்ன என்பது அன்று தெரிந்தது. சொல்லி முடிக்க அவருக்கு இருபது நிமிஷம் பிடித்தது. 'நீ இன்னிக்குச் சாப்பிட்டியா' என்பதுதான் அது.

மகள் சனிக்கிழமை வந்து இறங்கினாள். காப்பகத்தின் சேர்க்கைப் படிவம் பையில் இருந்தது. அம்மாவின் கன்னத்தில் எட்டு நாள் தூக்கம் தெரிந்தது, ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று பீரோவுக்கு விடுமுறை, மாற்று ஆள் வர இன்னும் நேரம் இருந்தது. "குடும்மா, அப்பாவுக்கு நான் கொடுக்கறேன்" என்று கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஹை ஹீல்ஸோடு கிளம்பினாள். டைம்கீப்பர் தடுக்கவில்லை. "செருப்பை மாத்திக்கோ" என்று மட்டும் சொன்னார், அவள் காதில் வாங்கவில்லை. முதல் டியூப் லைட்டில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். எண்ணூறில் அம்மாவைக் கூப்பிட போனை எடுத்தாள், சிக்னல் இல்லை. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், மொசைக் தரை பளபளவென்று தேய்ந்து பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்தாள். அம்மாவின் பாதம் அளவுக்கு இருந்தது அந்தத் தேய்மானம். கிண்ணத்தில் சில துளி உப்பு கூடியது.

நாற்பத்தைந்து நிமிஷம் கழித்து அவள் கட்டிலை எட்டியபோது, அங்கே அம்மா சாவகாசமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலைமாட்டிலேயே கிடந்த நகவெட்டியால் அப்பாவின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீ எப்பம்மா வந்தே?"

"இப்பத்தான்."

"எப்படி?"

"சும்மா, அவரைப் பார்க்கலாம்னு வந்தேன்."

மகள் ஆறிப்போன கஞ்சியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா வலது கையால் ஸ்பூனை வாங்கி, பாதியைச் சிந்திக்கொண்டு தானே சாப்பிட்டார். அவர் வீட்டை விட்டு எங்கும் போகத் தேவையில்லை என்பது அந்தச் சிந்தலிலேயே முடிவாகிவிட்டது. மகள் படிவத்தை நாலாக மடித்து ஆட்டம் கண்ட கட்டில் காலுக்குக் கீழே முட்டுக்கொடுத்தாள். திங்கட்கிழமை அந்தப் பெட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

நடைவழி அதற்குப் பிறகு சுருங்கவில்லை. சுருங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மூன்றாவது வருஷம் இரண்டேகால் கிலோமீட்டர் ஆனது, நாலாவது வருஷம் அங்கேயே நின்றது. சேவையில் பீரோவோடு ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொருவரையும் போட்டார்கள். நர்ஸ் மாதம் ஒருமுறை வந்து, படிவத்தில் 'தூரம்' என்று தனியாக ஒரு கட்டமே சேர்த்துவிட்டார். மற்ற வீடுகளிலும் அதைக் கேட்டு எழுத ஆரம்பித்ததில், அந்த ஊரில் பதினேழு வீடுகள் அப்படி நீண்டிருப்பது தெரிய வந்தது. மேல்மாடியில் குடியிருந்த சர்க்கரை நோய்க்காரரை டாக்டர் தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொல்லியிருந்தார். வெளியே மழை, நாய், மோட்டார்சைக்கிள். அவர் கீழே இறங்கி வந்து, "ஒரு டம்ளர் மோர் கொடுங்கம்மா, டிரைவருக்குக் கொடுத்துட்டு வர்றேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு நடைவழியில் நடக்க ஆரம்பித்தார். அவருக்குச் சர்க்கரை இறங்கியது. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஆப்பிள் கொண்டுவந்த தம்பியையும் இப்போது டைம்கீப்பர் விடுவதில்லை. "நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க தம்பி, அவருக்குச் சந்தோஷமா இருக்கும்" என்பார்.

காலையில் வேலையை ஒப்படைத்துவிட்டு, பகலில் இஷ்டப்பட்டபோதெல்லாம் டைம்கீப்பர் ஒன்பது காலடி நடந்து கணவரிடம் போகிறார். ஒரு நாளைக்கு முப்பது தரமாவது இருக்கும். எதற்கென்று கேட்டால் அவரிடம் காரணம் கிடையாது. டிரைவருக்கு இப்போது முப்பது நாற்பது வார்த்தை திரும்பி வந்திருக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து ஜன்னல் வரை வருகிறார். சாயங்காலம் நாலரை மணிக்கு இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, நடைவழியின் கோடியில் மெல்ல ஒரு சத்தம் கேட்கும். ரப்பர் அடி வைத்த ஷூவாக இருந்தால் பீரோ. செருப்பு இழுபட்டால் மேல்மாடிக்காரர். தட்டில் டம்ளர் உரசும் சத்தம் துல்லியமாக வரும், ஆனால் ஆள் இன்னும் புள்ளியாகத்தான் இருப்பார். டைம்கீப்பர் காதைக் கொடுத்துக் கேட்டு, வருகிறவர் எங்கே இருக்கிறார் என்று கணக்குப் போட்டுச் சொல்வார்.

"யாரோ வர்றாங்க. இன்னும் கால் மணி நேரம் ஆகும்."

டிரைவர் வார்த்தையைத் தேடி எடுப்பார். டைம்கீப்பர் காத்திருப்பார்.

"மெதுவா... வரட்டும்" என்பார் டிரைவர், மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு.